சம்பளத்தோடு வாடகையும் வருகிறதா? வீட்டுக் கணக்கைத் தனியாகப் பிரிக்கும் வழி

திருநெல்வேலி பாளையங்கோட்டையில் சொந்த வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருப்பீர்கள். இல்லையென்றால் பெருமாள்புரம், கே.டி.சி. நகர் பக்கம் கடன் போட்டு வாங்கிய சின்ன வீடு ஒன்று இருக்கும். உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ முழுநேர வேலை. வாடகை மாதாமாதம் சம்பளக் கணக்கில் வந்து விழுந்து, மளிகையோடும் பள்ளிக் கட்டணத்தோடும் கரைந்துபோகிறது. மே மாத வெயிலில் மோட்டார் எரிந்தால் நகையை அடகு வைக்க வேண்டிய நிலை. கை நிறைய வாடகை வாங்குகிறவர்களும் இப்படித் திணறுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. வருகிற வாடகையில் ஒரு பெரும் பங்கு வீட்டுக்கே திரும்பப் போக வேண்டிய பணம். அதை வந்த அன்றே பிரித்துவிட்டால் இந்தத் திணறல் இருக்காது.

முதல் வேலை: தனிக் கணக்கு

வாடகைக்கென்று ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். வாடகை அதில்தான் வர வேண்டும், வீட்டுச் செலவும் அதிலிருந்துதான் போக வேண்டும். குடியிருப்பவர் ரொக்கமாகத் தந்தாலும் அதைக் கணக்கில் கட்டிவிடுங்கள்.

கூடவே ஒரு நோட்டு. இடப் பக்கம் வரவு, வலப் பக்கம் செலவு. “ஜூன் 4, மாடி வீடு, மோட்டார் காயில் கட்டியது, 2,800” என்று நாள், எந்த வீடு, என்ன வேலை, எவ்வளவு என நான்கு விவரம் போதும். “அண்ணாச்சி, பத்தாந்தேதி போட்டு விட்டுருதேன்” என்று குடியிருப்பவர் சொன்னால் அதையும் எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்துப் புரட்டினால், வாடகையை ஏற்றலாமா, அவரையே தொடரச் சொல்லலாமா என்பதற்கு அந்த நோட்டு பதில் சொல்லும்.

இரண்டாவது: அட்வான்ஸைத் தொடாதீர்கள்

அட்வான்ஸ் வருமானம் இல்லை, கடன். குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் மொத்தமாகத் திருப்பித் தர வேண்டும். வாங்கியதும் வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். 11 மாத ஒப்பந்தம் என்றாலும் இது பொருந்தும்.

நம் பக்கம் ஒத்திக்கு விடுகிற பழக்கமும் உண்டு. மொத்தமாகச் சில லட்சம் கைக்கு வரும், மாத வாடகை கிடையாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒத்திப் பக்கமே போக வேண்டாம் என்பேன். அந்தப் பணத்தை வேறு எதிலாவது போட்டுவிட்டு, தவணை முடிந்ததும் அடுத்த ஒத்திக்காரரைத் தேடி அவர் பணத்தில் முந்தினவருக்குக் கொடுக்கிற சுழலில் மாட்டினால் வெளியே வருவது கஷ்டம்.

மூன்றாவது: வாடகையைக் கூறு போடுவது

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். உதாரணத்துக்கு இரண்டு போர்ஷன், ஒவ்வொன்றும் 7,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 15,000, வருடத்துக்கு 1,80,000. கடன் இல்லை.

முதலில் காலியாக இருக்கும் காலம். பள்ளி திறக்கிற நேரத்தில் வீடு தேடி வருகிறவர்கள் அதிகம். ஆடி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச யாரும் வர மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். ஆனி கடைசியில் ஒருவர் காலி செய்தால் ஆவணி வரை வீடு சும்மா கிடக்கும். அதனால் வருடத்துக்கு ஒரு மாத வாடகை வராது என்றே கணக்கு வையுங்கள். மாதத்துக்கு 1,250 ஒதுக்க வேண்டும்.

சில்லறை ரிப்பேருக்கு வாடகையில் பத்து சதவீதம், 1,500. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடித்து, மொட்டை மாடித் தட்டோடு பார்க்க 60,000 ஆகும் என்றால் மாதம் 1,000. தீர்வை, அதாவது சொத்துவரி, வருடத்துக்கு 5,000 என்றால் மாதம் 420. வருமான வரிக்கு ஏறக்குறைய 2,120. அந்தக் கணக்கைக் கீழே சொல்கிறேன்.

கூட்டினால் 6,290. பதினைந்தாயிரத்தில் குடும்பத்துக்கு என்று எடுக்கக் கூடியது 8,710தான். மாதாமாதம் இந்தத் தொகையை மட்டும் சம்பளக் கணக்குக்கு மாற்றுங்கள். மீதி அங்கேயே கிடக்கட்டும். சேர்ந்துவிட்டதே என்று ஃப்ரிட்ஜ் வாங்க எடுக்காதீர்கள்.

வீட்டுக் கடன் இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. இரண்டு மாதம் வாடகையே வராவிட்டாலும் சம்பளத்தை வைத்து மாதத் தவணையைக் கட்ட முடியுமா? முடியாது என்றால், மூன்று தவணைக்கான பணம் சேரும்வரை வாடகையிலிருந்து ஒரு ரூபாய்கூட வீட்டுச் செலவுக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது.

நான்காவது: தீர்வையும் வருமான வரியும்

மாநகராட்சிச் சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் அந்தந்த அரையாண்டு வரியில் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், வருமான வரிக்கு வேண்டும்.

வருமான வரி பலர் பயப்படுகிற அளவுக்குச் சிக்கலானது இல்லை. வருட வாடகை 1,80,000. அதில் நீங்கள் அந்த வருடம் உண்மையாகக் கட்டிய தீர்வை 5,000 போனால் 1,75,000. இதில் 30 சதவீதம், அதாவது 52,500 ரூபாய், பராமரிப்புக்கென்று தானாகக் கழியும். நீங்கள் பெயிண்டுக்கு ஒரு லட்சம் செலவழித்தாலும் அதே 30தான், ஒன்றுமே செலவழிக்காவிட்டாலும் அதே 30தான். மீதி 1,22,500 சம்பளத்தோடு சேரும். 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு மேல்வரியோடு (செஸ்) 25,480 வரும், மாதத்துக்கு 2,120 சொச்சம். புதிய வருமான வரி முறையில் சம்பளமும் வாடகையும் சேர்ந்து வரிக்குரிய மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால், 2025-26 நிதியாண்டிலிருந்து இந்த வரியே வராது.

கடன் இருந்தால் வட்டியையும் வாடகையிலிருந்து கழிக்கலாம், அசலை அப்படி வாடகையிலிருந்து கழிக்க முடியாது. வட்டி வாடகையை மிஞ்சி நஷ்டம் காட்டினால், புதிய முறையில் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க வழியில்லை. பழைய முறையில் 2 லட்சம் வரை கழிக்கலாம். எந்த முறை என்று முடிவெடுக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

சம்பளக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாடகை வருமானத்தை அலுவலகத்தில் முன்கூட்டியே தெரிவித்தால் சம்பளத்திலேயே சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். இல்லையென்றால், பிடித்தம் போக மீதி வரி 10,000 ரூபாயை எட்டும்போது ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு தவணையாக முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) கட்ட வேண்டிவரும். தவறினால் வட்டி விழும்.

ஐந்தாவது: மழை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. கட்டடத்துக்கு வெள்ளமும் சேர்ந்த காப்பீடு எடுத்துவிடுங்கள். குடியிருப்பவருடைய கட்டில், டிவி எல்லாம் அதில் சேராது என்பதை அவரிடமும் சொல்லிவிடுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் மாடியின் தண்ணீர்க் குழாய்களை அடைப்பெடுத்தால், சுவரில் ஓதம் ஏறுகிற செலவு பெரும்பாலும் மிச்சம்.

கடைசியாக: அடுத்த வீடு வாங்கலாமா?

மேலே சொன்ன 8,710-ஐ 12-ஆல் பெருக்கினால் 1,04,520. அந்த வீட்டின் இன்றைய விலை 40 லட்சம் என்றால் வருடத்துக்கு 2.6 சதவீதம்தான் கையில் நிற்கிறது. வங்கி வைப்புத் தொகைக்கே இதைவிட வட்டி கிடைக்கும். மனை விலை ஏறும் என்பது உண்மைதான், ஆனால் விற்கிற நாள் வரை அந்தப் பணத்தில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது. அதனால் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தத் தெருவில் இரண்டு மூன்று வீட்டுக்காரர்களிடம் பேசுங்கள். என்ன வாடகை வருகிறது, கோடையில் தண்ணீர் எப்படி, போன ஆடியில் எத்தனை வீடு காலியாகக் கிடந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதை நோட்டில் எழுதி, இதே கூறுகளைப் போட்டுப் பார்த்த பிறகு புரோக்கருக்கு போன் செய்யுங்கள்.