நர்சிங் படிப்புக் கடன்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் பிள்ளையை பி.எஸ்சி. நர்சிங் சேர்க்க எண்ணும் பெற்றோர், கல்லூரிக் கட்டணத்தோடு, தவணை தொடங்கும் நாளில் கடன் எவ்வளவாக வளர்ந்திருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் 1 லட்சமாக 4 ஆண்டுகள் வாங்கி, 10 சதவீதத் தனிவட்டியில், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துக் கட்டத் தொடங்கினால், 4 லட்சம் 5.4 லட்சமாகியிருக்கும், அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 7,100 ரூபாய் வேண்டும். படிக்கும்போதும் அதன் பிறகான அந்த ஓராண்டிலும் வட்டியைக் கட்டிவந்தால் இந்தச் சுமை ஏறாது.

கல்லூரி சொல்லும் சம்பளத்தை நம்பாமல், அருகிலுள்ள தனியார் மருத்துவமனைகளில் புதிதாகச் சேர்ந்த செவிலியர்களிடம், பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு என்று கேளுங்கள். தவணை அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுமானால், அந்தக் கல்லூரி இடம் வேண்டாம் என்பதே என் கருத்து. அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே முதலில் முயலுங்கள்.