கம்ப்யூட்டர் பெட்டியை வெட்ட எந்தக் கருவி?

கம்ப்யூட்டர் பெட்டியின் மேல்தகட்டில் இன்னொரு 120 மி.மீ. மின்விசிறி பொருத்த நினைத்தால், கை முதலில், சுழலும் வட்டால் உலோகத்தை வெட்டும் ஆங்கிள் கிரைண்டரைத்தான் தேடும். அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நேர்க்கோட்டில் வெட்ட அது கெட்டிக்காரக் கருவி. வட்டம் அதற்கு வராது. தீப்பொறி பட்டுப் பெயின்டும் கருகும்.

வட்டத்துக்கு, டிரில்லில் மாட்டும் வட்ட வாளான ஹோல் சாதான் சரி. நாலரை அங்குலம், அதாவது 114 மி.மீ. அளவுள்ளதை வாங்குங்கள். டிரில்லை மெதுவாக ஓட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பல் மழுங்காது. மின்விசிறியை மாட்டும் திருகுத் துளைகளில், அடுத்தடுத்த இரண்டின் மையங்களுக்கு இடையே 105 மி.மீ. இருக்க வேண்டும்.

பக்கவாட்டில் கண்ணாடி பதிக்கச் சதுரமாக வெட்டுவதென்றால், மேலும் கீழும் ஓடும் சிறு பிளேடு கொண்ட ஜிக்சா போதும். ஆனால் மரம் அறுக்கும் பிளேடைப் போட்டால் தகடு கிழிந்து வளைந்துவிடும். அங்குலத்துக்கு 24 முதல் 32 பல் உள்ள உலோக பிளேடு வேண்டும். தகடோ ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதிரும். அடியில் ஒட்டுப்பலகை வைத்து இறுக்கிப் பிடியுங்கள். கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பெயின்டில் கீறல் விழாது.

மூலைகளைச் செதுக்க, கையடக்கமான ரோட்டரி கருவி உதவும். அதன் சிறு வட்டுகள் பட்டென்று உடைந்து தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள்.

ஒன்று மறந்துவிட்டேன்: மதர்போர்டு முதல் பவர் சப்ளை வரை எல்லாவற்றையும் கழற்றிய பிறகே வெட்டுங்கள். ஒரே ஒரு இரும்புத்தூள் போதும், ஷார்ட் ஆக. கடைசியில் விளிம்பை அரத்தால் தேய்த்து, ரப்பர் பட்டை செருகுங்கள்.