தட்டை வயல், கொந்தளிக்கும் வானம்: படம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கேமரா வாங்கியவர்களோடு வயல்வெளிக்குப் போனால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். ஒரு காலத்தில் நான் அடித்த அதே கூத்தைத்தான் அவர்களும் அடிக்கிறார்கள். தொடுவானம் சாய்ந்துபோவது, பேட்டரியை மறப்பது எல்லாம் நாலு தடவை பட்டால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வானத்தை வெளுக்க விடுவது

இது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு மாலை மழைமேகம் கருநீலமாக அடைத்து நின்றது. அதன் அடியில் ஒரு கிழிசல் வழியே வெயில் பயிர்மேல் சாய்ந்து விழுந்தது. நாலு நிமிடம் இருந்திருக்கும். இருபது படம் தட்டினேன். கேமராத் திரையில் எல்லாம் பிரமாதம். வீட்டுக்கு வந்து பெரிதாகத் திறந்து பார்த்தால், கிழிசல் இருந்த இடத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டியதுபோல ஒரு திட்டு. இருபதிலும்.

படத்தில் பெரும்பகுதி இருண்ட வயலும் கருமேகமும். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக் கேமரா எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, ஏற்றிவிட்டது. சின்னத் திரையில் அந்தத் திட்டு வெயிலின் பளபளப்பாகத்தான் தெரிந்தது.

“ரா கோப்பில்தானே (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் வடிவம்) எடுக்கிறேன், அப்புறம் சரிபண்ணிக்கொள்ளலாம்” என்பவர்களைக் கண்டால் கோபம் வருகிறது. இருளில் மூழ்கிய வயலை ரா கோப்பிலிருந்து 2, 3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) தூக்கிவிடலாம். கொஞ்சம் நாய்ஸ், அதாவது பொடிப்பொடியான புள்ளிகள், வரும், அவ்வளவுதான். சென்சார் நிரம்பி வழிந்த இடத்தில் எதுவுமே பதிவாகவில்லை. இல்லாததை எங்கிருந்து தூக்குவது? அதனால் வானத்தின் மிக வெளிச்சமான பகுதி வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரை இறக்குங்கள்; பெரும்பாலும் 1 முதல் 2 ஸ்டாப் தேவைப்படும். வெளுத்த இடத்தை மின்னிக் காட்டும் எச்சரிக்கையை அணைக்கவே அணைக்காதீர்கள். ஹிஸ்டோகிராமில் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். அந்தி நேரத்தில் பொது வரைபடம் சாதுவாக உட்கார்ந்திருக்கும், சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். அப்படி முட்டினால் செம்மேகத்தின் மடிப்புகள் கரைந்து வெறும் பூச்சாகிவிடும்.

மூன்று எக்ஸ்போஷரில் எடுத்துச் சேர்த்துவிடலாமே என்று கேட்பார்கள். காற்றில்லாத நாளில் சரி. ஆனால் மழை திரண்டு வரும்போது பெரும்பாலும் காற்றும் கூடவே வரும். பயிர் ஆடும், சேர்த்தால் கதிர்கள் இரட்டை இரட்டையாகத் தெரியும். மேலே கருத்துக் கீழே தெளிந்திருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டர்தான் என் கட்சி. மலையோ மரமோ துருத்தாத தொடுவானம் என்பதால், கருமை சட்டென்று முடியும் வகைகூடக் கோடு தெரியாமல் உட்கார்ந்துவிடும். தட்டை நிலம் நமக்குச் செய்யும் ஒரே உபகாரம் அது.

அகன்ற லென்ஸை மட்டும் கொண்டுபோவது

16 மி.மீ. லென்ஸில் பரந்த வெளி வரும், நியாயம்தான். ஆனால் கண்ணை மிரட்டிய இடிமேகம் தூரத்தில் இருந்தால், படத்தில் பஞ்சுப் பொட்டலமாகச் சுருங்கிவிடும். தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 மி.மீ. லென்ஸ் கையில் இருந்தால் தூரத்து மழைத்திரையும் ஒற்றை மரமும் நெருங்கி நிற்பதுபோல் எடுக்கலாம். அகன்ற லென்ஸில் போலரைசர் (வான நீலத்தை அழுத்தமாக்கும் ஃபில்டர்) மாட்டுவதும் வேண்டாம். சூரியனுக்கு 90 டிகிரியில் இருக்கும் நீலம் மட்டும் கருத்து, வானம் திட்டுத்திட்டாகும்.

தொடுவானத்தை நடுவில் வைப்பது

படம் எதைப் பற்றியது, வானமா, வயலா? ஒன்றைச் சொல்லுங்கள், அதற்கே அதிக இடம் கொடுங்கள்.

சூரியன் மறைந்ததும் கிளம்புவது

இன்னும் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். மேகத்தின் அடிவயிறு சிவப்பது பல நாள் அப்போதுதான். ட்ரைபாடை மடக்கி வண்டியில் போட்ட பிறகு, அதைப் பின்பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன்.

மின்னலோடு விளையாடுவது

வெட்டவெளியில் உயரமாக நிற்பது நீங்களும் ட்ரைபாடும்தான். இடி கேட்டால் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் இறங்க வேண்டாம். நல்ல படம் போச்சே என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பலரைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான்.