கொரிய மொழியைப் பல்கலைக்கழகத்தில் படிக்க: நீலகிரி மாணவர்களுக்கு ஒரு செய்முறை

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தொடர்கள் பார்த்தே கொரிய எழுத்துகளைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். வணக்கம் சொல்லவும் விலை கேட்கவும் தெரிந்ததும், "இதையே பல்கலைக்கழகத்தில் படிக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக முடியும். தமிழ் தெரிந்தவருக்குக் கொரிய இலக்கணம் பெரிய தடை இல்லை. தடையாக நிற்பவை சொல்வளமும் எழுத்து நடையும்தான். உழைப்பை அங்கே கொட்டுங்கள்.

படி 1: எங்கே படிப்பது?

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கொரிய மொழியில் இளங்கலை இருக்கிறது. கியூட் எனும் பொது நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். அங்கே எழுத்திலிருந்தே தொடங்குவார்கள் என்பதால் முன்பே மொழி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஊட்டியிலோ கோவையிலோ பட்டம் படித்துக்கொண்டிருப்பவர்கள் கொரிய அரசின் ஜி.கே.எஸ். உதவித்தொகையைப் பார்க்கலாம். மதிப்பெண் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கொரியா போனதும் முதல் ஓராண்டு மொழிப்பயிற்சி, அதற்குள் டோபிக் எனும் கொரிய மொழித் திறன் தேர்வில் (மொத்தம் 6 நிலைகள்) 3ஆம் நிலையை எட்ட வேண்டும். ஏற்கெனவே 5 அல்லது 6 வைத்திருப்பவர்கள் நேரடியாகப் பட்டப்படிப்புக்குப் போகலாம்.

3 வாங்கினால் போதும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்த நிலையில் அன்றாட வாழ்க்கையை ஓட்டலாம், பேராசிரியரின் விரிவுரையைப் பின்தொடர்வது கடினம். 5ஐக் குறியாக வையுங்கள்.

படி 2: தமிழ் வழியாக இலக்கணம்

ஆங்கிலத்தில் எழுதிய இலக்கணப் புத்தகத்தை வைத்து மூளையைக் கசக்காதீர்கள். கொரிய வாக்கியத்திலும் வினை கடைசியில்தான் வரும், வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். துணைவினைகள் இன்னும் நெருக்கம். 'மொகோ பொதா' என்றால் சாப்பிட்டுப் பார். 'கா பொரிதா' என்றால் போய்விடு. 'ஹே தூதா' என்றால் செய்து வை. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி விளக்கம் வேண்டும், நமக்கு ஒரு வரி போதும். வீட்டில் படுகு பேசுபவர்களுக்கும் இதே வசதி உண்டு.

நமக்குச் சிக்கல் தருவது எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று காட்டும் 'உன், நுன்' உருபுக்கும் எழுவாயைக் காட்டும் 'இ, கா' உருபுக்கும் உள்ள வேறுபாடு. தமிழில் எழுவாய்க்கு உருபே இல்லாததால் மேல்நிலையில் இருப்பவர்கள்கூட இதில் தடுமாறுவார்கள். விதியை மனப்பாடம் செய்வதைவிட, படிக்கும் பத்தியில் இந்த உருபு வரும் இடங்களை அடிக்கோடிட்டு, ஏன் இது வந்தது, ஏன் அது வரவில்லை என்று யோசித்துப் பழகுங்கள்.

படி 3: வேர்ச்சொல் நோட்டு

கொரியச் சொற்களில் பாதிக்கு மேல் சீன வேர்களிலிருந்து வந்தவை. செய்தித்தாளிலும் பாடநூலிலும் அவை இன்னும் அடர்த்தியாக இருக்கும். தனித்தனிச் சொல்லாக மனப்பாடம் செய்தால் முடிவே இருக்காது. ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு வேர் என்று ஒதுக்குங்கள். 'ஹக்' என்றால் கல்வி: ஹக்ஸெங் மாணவர், தேஹக் பல்கலைக்கழகம், முன்ஹக் இலக்கியம், க்வாஹக் அறிவியல். புதுச் சொல் கிடைக்கும்போதெல்லாம் அதற்குரிய பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போங்கள்.

ஒலி ஒன்றாக இருந்தும் வேர் வேறாக இருப்பது உண்டு. 'ஸான்' என்பது மலை. 'ஸெங்சான்' என்ற உற்பத்தியில் வரும் 'ஸான்' வேறு வேர். எனவே பக்கத்தின் தலைப்பில் அந்தச் சீன எழுத்தையும் வரைந்து வையுங்கள். எழுதத் தெரிய வேண்டாம், பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும். நோட்டில் கொரியச் சொற்களைக் கொரிய எழுத்திலேயே எழுதுங்கள். இங்கே நான் தமிழில் எழுதியிருப்பது வாசிக்க வசதிக்காக மட்டுமே.

வாசிக்க எதை எடுப்பது? உங்களுக்கு விஷயம் தெரிந்த கட்டுரையை எடுங்கள். தென் ஜொல்லா மாகாணத்தின் பொஸொங் பகுதி பச்சைத் தேநீருக்குப் பெயர் பெற்றது. அதைப் பற்றிய கொரியச் செய்திகளை நம்மூர்க்காரர் படித்தால் 'ஜெபே' என்பது சாகுபடி, 'சுஹ்வாக்' என்பது அறுவடை என்று பாதி ஊகத்திலேயே புரிந்துவிடும். கொழுந்து பறிப்பதையும் கவ்வாத்து வெட்டுவதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொற்கள் சீக்கிரம் மறக்காது.

படி 4: எழுத்து நடை

பெரும்பாலானவர்கள் தள்ளிப்போடுவது இதைத்தான். டோபிக் இரண்டாம் பிரிவின் (3 முதல் 6 வரையிலான நிலைகளுக்கானது) எழுத்துத் தாளுக்கு 50 நிமிடம், 51 முதல் 54 வரை நான்கு கேள்விகள். 53ஆம் கேள்வியில் ஒரு புள்ளிவிவர வரைபடத்தைப் பார்த்து 200 முதல் 300 எழுத்துகளில் விவரிக்க வேண்டும். 54ஆம் கேள்வி 600 முதல் 700 எழுத்துகளில் ஒரு கட்டுரை. அதற்கு மட்டும் 50 மதிப்பெண்.

பேச்சில் 'யோ' என்று முடிப்பீர்கள். கட்டுரையில் அது கூடாது, 'தா' என்று முடியும் எழுத்து நடை வேண்டும். பேச்சுத் தமிழில் தேர்வுத்தாள் எழுதாத நமக்கு இந்த வேறுபாடு புதிதல்ல.

விடைத்தாள் கட்டம் போட்டிருக்கும். ஒரு அசைக்கு ஒரு கட்டம், இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு கட்டம் காலி, பத்தித் தொடக்கத்திலும் ஒன்று காலி. கணக்கு நோட்டிலேயே பழகலாம். தலைப்புக்கு வெகுதூரம் போக வேண்டாம். 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்ததே, அதன் நன்மை என்ன, பாதிப்பு யாருக்கு, மாற்று வழி என்ன? 54ஆம் கேள்வியும் இப்படி இரண்டு மூன்று உட்கேள்விகளோடுதான் வரும். எதையும் விடாமல் பதில் எழுதுங்கள். வாரம் ஒன்று எழுதி, கொரியன் தெரிந்த ஒருவரிடம் திருத்தி வாங்குங்கள். திருத்தியதை மறுபடி முழுதாக எழுதுவது ரொம்ப முக்கியம்.

படி 5: கேட்டல்

பழைய வினாத்தாள்களும் ஒலிப்பதிவுகளும் டோபிக் இணையதளத்தில் இலவசம். மழைக்காலத்தில் கரண்டும் சிக்னலும் போய்விடும் என்பதால் முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். முதலில் எழுத்து வடிவம் பார்க்காமல் கேளுங்கள், அப்புறம் பார்த்துக் கேளுங்கள்.

படி 6: தேர்வும் விண்ணப்பமும்

இரண்டாம் பிரிவுக்கு மொத்தம் 300 மதிப்பெண். 120 எடுத்தால் 3ஆம் நிலை, 150க்கு 4, 190க்கு 5, 230க்கு 6. சென்னையிலும் மையம் உண்டு. அந்தந்தச் சுற்றின் மையப் பட்டியலைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பிக் காலையில் சென்ட்ரலுக்குப் போய்விடும். அக்டோபர் சுற்றில் எழுதுபவர்கள் மலைப்பாதையில் மண் சரியும் காலம் என்பதை நினைவில் வைத்து ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிடுவது நல்லது.

சான்றிதழ் இரண்டு ஆண்டுகள்தான் செல்லும். முதலாமாண்டிலேயே அவசரப்பட்டு எழுதினால், பட்டம் முடித்து விண்ணப்பிக்கும்போது அது காலாவதியாகியிருக்கும். இறுதியாண்டுக்கு முந்தைய ஆண்டில் ஒரு முறை எழுதிப் பாருங்கள். அதில் 5 வரவில்லை என்றாலும் இன்னொரு சுற்றுக்கு நேரம் இருக்கும்.