நிழல் குட்டையாகட்டும், அப்புறம் வெயிலுக்குப் போங்கள்

காலை ஆறரை மணி இளவெயிலில் நடந்தால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்று பலரும் நம்புகிறோம், ஆனால் தோலில் அதை உருவாக்கும் புற ஊதா பி கதிர் அந்நேரம் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகும் நேரம்தான் சரி. சென்னையில் அது சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிவாக்கில் வந்துவிடும், மார்கழியில் பத்தைத் தாண்டும். கை, கால் வெளியே தெரிய, தோல் சிவக்காத அளவுக்குக் கொஞ்ச நேரம் நின்றால் போதும். மாநிறம், கறுப்பு நிறத்தவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வியர்வைதான் மிச்சம், கண்ணாடி அந்தக் கதிரை விடாது.

அப்புறம் ஒன்று, டாக்டர் வாரத்துக்கு ஒன்று என்று எழுதித் தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையைத் தினமும் விழுங்கிவிடாதீர்கள், ரத்தத்தில் கால்சியம் எகிறிவிடும்.