ஆங்கில கிரிப்டிக் குறுக்கெழுத்து: முதல் குறிப்பை உடைப்பது எப்படி?

‘தி இந்து’ நாளிதழில் வரும் கிரிப்டிக் குறுக்கெழுத்தை, அதாவது விடையைச் சொல்விளையாட்டுக்குள் ஒளித்து வைக்கும் குறுக்கெழுத்தை, ஒருமுறை பார்த்துவிட்டு, ‘இதற்குப் பெரிய ஆங்கிலம் வேண்டும்’ என்று பக்கத்தைத் திருப்பியவர்களுக்காக இதை எழுதுகிறேன். விடையாக வரும் சொற்களில் பெரும்பாலானவை நமக்குத் தெரிந்தவைதான். தெரியாதவை இரண்டே: குறிப்பைப் படிக்கும் முறை, இங்கிலாந்துக்காரர்கள் அன்றாடம் புழங்கும் சில சின்னச் சொற்கள். ஒரு பென்சில், ரப்பர், ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்

பெரும்பாலான குறிப்புகளில் ஒரு பாதி விடையின் நேர்ப்பொருள். அது குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும், நடுவில் வராது. மற்ற பாதி சொல்விளையாட்டு. அடைப்புக்குறிக்குள் உள்ள எண், விடையில் எத்தனை எழுத்து என்பதைச் சொல்கிறது. பாருங்கள்:

ஹியர் சைலென்ட் டிஸ்டர்பன்ஸ் (6)

‘டிஸ்டர்பன்ஸ்’ என்றால் குழப்பம். அதாவது, பக்கத்தில் உள்ள சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போடு என்கிறது. ‘சைலென்ட்’ ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. கலைத்தால் ‘லிசன்’. ‘ஹியர்’ அதன் நேர்ப்பொருள். இதுதான் அனகிராம். உடைவது, குடித்துத் தள்ளாடுவது, சமைப்பது, பைத்தியம் பிடிப்பது என்ற பொருளில் ஏதாவது சொல் கண்ணில் பட்டால் உடனே அனகிராமைச் சந்தேகியுங்கள். எழுத்துகளை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதிப் பாருங்கள். பழைய சொல் கண்ணை மறைக்காது.

படி 2: ஒளிந்திருப்பதைத் தேடுங்கள்

பிரஸ் ஃபார் சம் கமீடியன்ஸ் (5)

‘சம்’ என்றால் கொஞ்சம். ‘கமீடியன்ஸ்’ என்பதில் கொஞ்சம் எடுத்தால் ‘மீடியா’. ‘பிரஸ்’ அதன் பொருள். தமிழில் எழுதும்போதே உள்ளே தெரிகிறது, இல்லையா? தொடக்கத்தில் இந்த வகையைத்தான் முதலில் தேட வேண்டும்.

படி 3: திருப்பிப் போடுங்கள்

செய்லர் டர்ன்ஸ் டிரெய்ட்டர் (3)

மாலுமி துரோகியாகிறான் என்று கதை போலப் படித்தால் மாட்டிக்கொள்வீர்கள். ‘டர்ன்ஸ்’ என்றால் திரும்புகிறது. மாலுமிக்கு ஆங்கிலத்தில் ஒரு பழைய செல்லப்பெயர் ‘டார்’. சாலைக்குப் போடும் அதே தார்தான். பாய்மரக் கப்பல் காலத்தில் மழையும் கடல்நீரும் புகாமலிருக்க மாலுமிகள் துணியில் தார் பூசிக்கொண்டதால் வந்த பெயர் என்பார்கள். அதைத் திருப்பினால் ‘ராட்’. எலி மட்டுமல்ல, காட்டிக்கொடுப்பவனும் ‘ராட்’தான்.

படி 4: நோட்டுப் புத்தகத்தைத் திறங்கள்

இங்கேதான் இங்கிலாந்து உள்ளே வருகிறது. என்னைக் கேட்டால், இந்த விளையாட்டின் ருசியே இதில்தான். மாலுமி என்றால் ‘டார்’ மட்டுமல்ல, ‘ஏபி’யும் வரும் (‘ஏபிள்-பாடீட் சீமன்’ என்பதன் சுருக்கம்). ராணுவப் பொறியாளர்கள் என்றால் ‘ஆர்ஈ’, அதாவது ராயல் இன்ஜினியர்ஸ். உழைப்பாளி என்றால் எறும்பு அல்லது தேனீ. கிரிக்கெட் நமக்குச் சொந்த வீடு மாதிரி: ‘டக்’ என்றால் பூஜ்யம், அதாவது ஓ. ‘மெய்டன்’ என்றால் எம். ‘லெக்’ என்றால் ‘ஆன்’, ஏனென்றால் லெக் சைடுக்கு இன்னொரு பெயர் ஆன் சைடு. சரி, இதை வைத்து ஒன்று:

ஹோம் கவுன்டீஸ் லைக் லெக் இன் சம்மர், பெர்ஹாப்ஸ் (6)

லண்டனைச் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கு ஹோம் கவுன்டீஸ் என்று பெயர். அவை நாட்டின் தென்கிழக்கில் இருப்பதால் ‘எஸ்ஈ’. ‘லைக்’ என்றால் ‘ஆஸ்’. ‘லெக்’ என்றால் ‘ஆன்’. மூன்றையும் ஒட்டினால் ‘சீசன்’. கோடை ஒரு சீசன்தானே! ‘பெர்ஹாப்ஸ்’ வந்தால் அதன் பக்கத்தில் இருப்பது ஓர் உதாரணம் என்று பொருள்.

படி 5: ‘ஃபிளவர்’ எப்போதும் பூ அல்ல

‘ஃப்ளோ’ என்றால் ஓடுவது. அதோடு ‘ஈஆர்’ சேர்த்தால் ஓடுவது எதுவோ அது, அதாவது ஆறு. ‘ஃபிளவர் ஆஃப் லண்டன்’ என்றால் தேம்ஸ். இந்தத் தந்திரம் திரும்பத் திரும்ப வரும். அப்புறம், கிழக்கு லண்டனின் காக்னி பேச்சில் சொல்லின் முதலில் வரும் எச் விழுந்துவிடும். இரண்டையும் சேர்த்தால்:

காக்னீஸ் ஹோம் இஸ் எ ஃபிளவர் இன் யார்க்‌ஷையர் (4)

வீடு ‘ஹவுஸ்’. காக்னி வாயில் எச் போனால் மிஞ்சும் நான்கு எழுத்து, யார்க் நகரம் வழியாக ஓடும் ஊஸ் ஆற்றின் பெயர். முதன்முறை இந்த ஆற்றைக் கண்டுபிடித்த அன்று, இங்கிலாந்து வரைபடத்தை விரித்து அது ஓடும் வழி முழுவதையும் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

வேகத்தைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். 1942 ஜனவரியில் ‘டெய்லி டெலிகிராஃப்’ என்ற இங்கிலாந்து நாளிதழ், குறுக்கெழுத்தை 12 நிமிடங்களுக்குள் முடிக்கும் போட்டி வைத்தது. அதில் கலந்துகொண்ட சிலரை, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ரகசிய மையமாக இருந்த பிளெட்ச்லி பார்க்கில் எதிரிகளின் ரகசியக் குறியீடுகளை உடைக்கும் வேலைக்கு அழைத்தார்கள். நாம் ஒரு நாளைக்கு நான்கு குறிப்பு உடைத்தால் போதும். மறுநாள் விடை வந்ததும், விடையிலிருந்து குறிப்புக்குப் பின்னோக்கி நடந்து பாருங்கள். எது அனகிராம், எது ஒளிந்திருந்தது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் நோட்டு நிறைய சின்னச் சொற்கள் சேர்ந்துவிடும்.

இப்போது ஒன்றை நீங்களே செய்யுங்கள்: ‘வொர்க்கர் இன் பேன்ட்ஸ் (3)’. படி 2, படி 4 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.