லெகோ வாங்குமுன்: எது உண்மையான ஆஃபர், எவை இலவசம்?

இந்தியாவில், ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கட்டைகளான லெகோவின் விலை எகிறி நிற்பதற்கு முக்கியக் காரணம் இறக்குமதி வரி. பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023 பட்ஜெட்டில் 70 ஆக ஏறியது. அதனால் அமெரிக்க விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்து இங்கே அதே விலைக்குத் தேடினால் கிடைக்காது. வெளிநாட்டு உறவினர் கூரியரில் பரிசாக அனுப்பினாலும் வரி உண்டு. பரிசுப் பொருட்களுக்கு இருந்த விலக்கு 2019 டிசம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. ஊருக்கு வரும்போது அவர்கள் தங்கள் பெட்டியில், வரியில்லா வரம்புக்குள் கொண்டுவருவதுதான் லாபம். லெகோ அட்டைப்பெட்டிக்குள் பாதிக்கு மேல் வெறும் காற்று. அட்டையை மடித்துவிட்டு, உள்ளே இருக்கும் எண் போட்ட பைகளைப் பிரிக்காமல் அப்படியே துணிகளுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள்.

புதிது வாங்கும்போது

"40 சதவீதம் தள்ளுபடி" என்பது எம்ஆர்பி மீது போடும் கணக்கு. வருடம் முழுக்க யாருமே அந்த எம்ஆர்பிக்கு விற்காத செட்டாக அது இருக்கலாம். அமேசானில் பார்க்கிற செட் என்றால் கீப்பா என்ற இலவச நீட்சியை பிரவுசரில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருளின் பழைய விலைகளை வரைபடமாகக் காட்டும். கடந்த ஆறு மாதத்தில் தொட்ட மிகக் குறைந்த விலையைக் குறித்து வையுங்கள். பண்டிகைக் கால விற்பனையில் அதற்குக் கீழே போனால் வாங்கலாம். கூப்பன் கட்டம், வங்கி அட்டைச் சலுகை இரண்டையும் கழித்த பிறகு வரும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, ஒரு துண்டுக்கு எவ்வளவு என்ற கணக்கு. 790 துண்டுகள் கொண்ட கிளாசிக் 10698 பெட்டி 3,950 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம், துண்டுக்கு 5 ரூபாய். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். பெரியவர்களுக்கான பூச்செடி, ஓவியச் செட்டுகளில் பொட்டு அளவே இருக்கும் துண்டுகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் துண்டு விலை குறைவாகத் தெரியும். அவற்றை வைத்துக் குழந்தை ஒரு வீடுகூடக் கட்ட முடியாது. விளையாடுவதற்கு என்றால், மேலே 2×4, 2×3 வரிசையில் குமிழ்கள் உள்ள கட்டைகளும் சக்கரங்களும் எத்தனை என்று பாருங்கள். கார், திரைப்படப் பெயர் தாங்கிய செட்டுகளை விட, ஒரே பெட்டியில் மூன்று மாடல் கட்டலாம் என்று வரும் கிரியேட்டர் செட்டுகள் காசுக்கு அதிகம் உழைக்கும்.

மலிவான "லெகோ மாதிரி" கட்டைகள் எல்லாமே மோசம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. லெகோ கட்டையின் அடிப்படைக் காப்புரிமை காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ., குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மி.மீ. பத்துக் கட்டைகளை அடுக்கி ஸ்கேல் வைத்துப் பாருங்கள்: மேல் குமிழை விட்டுவிட்டு 96 மி.மீ. வர வேண்டும். ஒரு மி.மீ. தள்ளிப்போனாலே லெகோவோடு கலந்து கட்டும்போது சுவர் கோணிக்கொள்ளும். பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையோடு இருக்கும் சிஎம்/எல் எண்ணை (உரிம எண்) இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் உற்பத்தியாளர் பெயர் வர வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே என்றால், லெகோ சின்னக் குழந்தைகளுக்காகச் செய்யும் டூப்ளோ அளவுக் கட்டைகள்தான். அவை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரு மடங்கு. பின்னாளில் சாதாரண லெகோவோடும் பொருந்தும், எனவே வீணாகாது.

பழையது, கிலோ கணக்கில்

உண்மையான மிச்சம் இங்கேதான். ஓஎல்எக்ஸ், அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்கள், வீடு காலி செய்பவர்கள் என்று தேடுங்கள். கோடை விடுமுறையில் அலமாரிகளை ஒழித்துப்போடுவார்கள். செட்டாகக் கேட்டால் செட் விலை சொல்வார்கள்; "கலந்து கிடப்பதை எடைக்குக் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். ஒரு கிலோவில் தோராயமாக 600 முதல் 800 துண்டுகள் இருக்கும். ஒரு 2×4 கட்டையே 2.3 கிராம்தான், சின்னத் துண்டுகள் அதைவிட இலேசு.

முன்பணம் அனுப்பாதீர்கள். முதலில், வெள்ளைத் துணியில் ஒரே அடுக்காகப் பரப்பி எடுத்த புகைப்படம் கேளுங்கள். டப்பாவுக்குள் எடுத்த படத்தில் மேலே லெகோவும் அடியில் வேறு எதுவும் இருக்கலாம். நேரில் போனதும் கைநிறைய அள்ளி, குமிழ்களைப் பாருங்கள். அசல் லெகோ கட்டையில் ஒவ்வொரு குமிழின் தலையிலும் பெயர் பொறித்திருக்கும். பிறகு இரண்டு கட்டைகளைச் சேர்த்து, கீழுள்ளதைப் பிடித்து உதறுங்கள். மேலுள்ளது விழுந்தால் பிடிமானம் போய்விட்டது. ஓரத்தில் விரிசல் விட்டவை, பல் பதிந்தவை எடைக்கு மட்டும்தான் ஆகும். அந்த அளவுக்கு விலையைக் குறையுங்கள். வெயிலில் மஞ்சளித்தவை பார்க்கத்தான் மட்டம், பெரும்பாலும் கட்டுவதற்குக் குறையில்லை.

வீட்டுக்கு வந்ததும் மோட்டார், விளக்கு, ஸ்டிக்கர் ஒட்டியவற்றைத் தனியே எடுத்துவிட்டு, மிச்சத்தை வலைப்பையில் போட்டு லேசான சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. சூடு ஏறினால் பிளாஸ்டிக் நெளிந்து பிடிமானம் போய்விடும். மொட்டை மாடி வெயிலும் வேண்டாம். துண்டில் போட்டுக் குலுக்கி, மின்விசிறிக்குக் கீழே ஒரு இரவு, நடுவே ஒருமுறை புரட்டிப் போட்டால் போதும்.

காசில்லாமல் கிடைப்பவை

கட்டும் கையேடு தொலைந்துவிட்டதா? செட் எண்ணைப் போட்டால் லெகோ இணையதளத்திலேயே பிடிஎஃப் இலவசம். புத்தம்புது செட்டில் ஒரு துண்டு குறைந்திருந்தால், கடைக்காரரிடம் சண்டை போடுவதற்கு முன் லெகோ வாடிக்கையாளர் சேவைப் பக்கத்தைப் பாருங்கள். செட் எண்ணையும் துண்டு எண்ணையும் கொடுத்துக் கேட்கும் வசதி அங்கே உண்டு. துண்டு எண் கையேட்டின் கடைசிப் பக்கப் பட்டியலில் இருக்கும்.

ரீபிரிக்கபிள் தளத்தில், கையில் இருக்கும் செட்டின் எண்ணைக் கொடுங்கள். அதே துண்டுகளை வைத்து மற்றவர்கள் உருவாக்கிய வேறு மாடல்களின் பட்டியல் வரும். பலவற்றுக்குச் செய்முறை இலவசம். சலித்துப்போன பழைய செட்டுக்கு இது மறுபிறவி.

கட்டைகளே இல்லாமலும் கட்டலாம். பொறியாளர் அரவிந்த் குப்தா 1978-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனவர். அவர் பரப்பிய தீக்குச்சி மெக்கானோவுக்கு (குச்சிகளை மூட்டுகளால் இணைத்து உருவங்கள் கட்டும் விளையாட்டு) தேவை ஒரு தீப்பெட்டியும், சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்டியூப் என்ற மெல்லிய ரப்பர் குழாயும்தான். குச்சிகளின் மருந்துத் தலையைப் பெரியவர்கள் முதலில் வெட்டி எறிந்துவிட வேண்டும். டியூபை ஒன்றரை செ.மீ. துண்டுகளாக நறுக்கி, இரு முனையிலும் குச்சியைச் செருகினால் அது ஒரு மூட்டு. மூன்று குச்சி சேரும் மூட்டுக்கு, டியூபின் நடுவில் கருவேல முள்ளால் துளையிட்டு, முனை சீவிய குச்சியைக் குத்த வேண்டும். பழைய டியூப் என்றால் இந்த இடத்தில் கிழியும். இழுத்துப் பார்த்துப் புதியதாக வாங்குங்கள்.

மூன்று குச்சி, மூன்று மூட்டில் ஒரு முக்கோணம், அழுத்தினாலும் அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்தால் உடனே சாய்ந்துபோகும். ஆறு குச்சி, நான்கு மும்முனை மூட்டு போட்டால் நான்முகி. சாயும் சதுரத்தை நிறுத்த, எதிரெதிர் மூலைகளில் மும்முனை மூட்டு போட்டு, தீக்குச்சியைப் போல் 1.4 மடங்கு நீளமுள்ள தென்னை ஈர்க்குச்சியைக் குறுக்கே செருக வேண்டும்.